ஜோன் ஜெயிக்க வைக்கும். ஆடக் கற்றுத் தராது

பள்ளிக் கூடைப்பந்தில் நெடுநாளாக ஒரு கருத்து செல்லுபடியாகி வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ‘மேன் டு மேன்’, அதாவது ஆளுக்கு ஆள் தடுப்பு, வராது. உயரமானவனை ரிங்குக்குக் கீழே நிறுத்தி, மற்ற நால்வரையும் சுற்றிலும் நிறுத்தி, ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ‘ஜோன்’ போட்டால் போதும். டிஃபென்ஸை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அது. தூத்துக்குடி போன்ற ஊரில் ஒரு பள்ளி அணியைக் குறுவட்டப் போட்டிக்கு அவசரமாகத் தயார்செய்யும் உடற்கல்வி ஆசிரியருக்கு இது வசதியான வழிதான். ஆனால், இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட முழுமையாகத் தேறவில்லை.

முதல் காரணம், ஜோன் ஜெயிக்க வைக்கிறது என்பது. ஜெயிக்க வைக்கிறது, உண்மை. ஏன் என்று பார்க்க வேண்டும். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் பலருக்குத் தூரத்திலிருந்து பந்தை அங்கே சேர்க்கும் தெம்பு கிடையாது. ஐந்து பேர் உள்ளே அடைத்து நின்றால், எதிரணி வெளியிலிருந்து எறிந்து தவறவிடும். அந்த வெற்றி எதிராளியின் தோள் வலுக் குறைவால் வந்தது. நம் பிள்ளைகளின் தடுப்பாட்டத்தால் வந்ததல்ல. 17 வயதுப் பிரிவுக்குப் போகும்போது அதே எறிதல்கள் உள்ளே விழும். அப்போது ஒருவனைத் தனியாக மறித்தே பழகாத பையன் என்ன செய்வான்? தொழில்முறை லீக்கான என்பிஏ-வும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 7 முதல் 11 வயது வரை ஆளுக்கு ஆள் தடுப்பை மட்டுமே பரிந்துரைக்கின்றன. 12 வயதில் அங்கே ஜோனை அனுமதிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே வகுத்திருக்கும் படிகள் ஏழு வயதிலேயே தொடங்குகின்றன. நம் பிள்ளைகளில் பலர் ஆறாம், ஏழாம் வகுப்பில்தான் பந்தையே தொடுகிறார்கள். வயதைவிட ஆட்ட அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதே நியாயம்.

இரண்டாவது காரணம், ஜோன் எளிது என்பது. எளிதாக இருப்பது சும்மா நிற்பதுதான். ஜோனை முறையாக ஆட, ஒவ்வொரு பாஸுக்கும் ஐவரும் சேர்ந்து நகர வேண்டும். இருவருக்கு இடையே நுழைபவனை யார் எடுப்பது என்று நொடியில் தீர்மானிக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறும் வேலை இது. ஆளுக்கு ஆள் முறையிலோ பொறுப்பு தெளிவாக இருக்கிறது. முன்பு முத்துக் குளிப்பில், மூழ்கியவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். அவர் கடலை மொத்தமாகக் காவல் காத்ததில்லை. அந்தக் கயிற்றின் அசைவுக்கே அவர் பொறுப்பு. பிள்ளைக்கும் முதலில் தேவைப்படுவது அப்படியொரு பொறுப்புதான். பக்கத்து ஆளுக்கு ‘ஹெல்ப்’ போவது அதற்கடுத்த பாடம்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் தடுப்பில் பந்தைப் பறிப்பவனே நல்ல டிஃபெண்டர் என்ற எண்ணம். கை நீட்டிப் பழகியவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஃபவுல்தான். ஐந்து ஃபவுலில் அவன் வெளியே போவான். ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். விதியோ காலால் தடுப்பவனுக்குத்தான் துணை நிற்கிறது. பந்தைக் கையில் பிடித்து நிற்பவனை ஒரு மீட்டருக்குள் நின்று முறையாக மறித்தால், அவன் 5 நொடிக்குள் பாஸோ, ஷாட்டோ, டிரிபிளோ செய்தாக வேண்டும். இல்லையேல் பந்து கைமாறும். ஆகவே கற்றுத்தர வேண்டியவை இவை: முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது, காலைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகர்வது, எதிராளிக்கும் ரிங்குக்கும் நடுவே எப்போதும் இருப்பது, பந்தின் ஆட்டத்தில் ஏமாறாமல் அவன் இடுப்பைக் கவனிப்பது, அவனைப் பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்கிக்கொண்டு போவது.

நான்காவது ஆட்சேபம் கனமானது. நாற்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், ஒரே கோர்ட், கொதிக்கும் சிமெண்ட் தரை. இதில் ஆளுக்கு ஆள் எங்கே சொல்லிக்கொடுப்பது? உண்மையில் இந்த நிலைமை டிஃபென்ஸுக்குத்தான் சாதகம். ஷூட்டிங் பயிற்சிக்கு ரிங் வேண்டும். ஒருவன் எறிய, மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். டிஃபென்ஸ் பயிற்சிக்குச் சமதரையும் ஒரு கோடும் போதும். நாற்பது பேர் இருபது ஜோடிகளாக ஒரே நேரத்தில் ஆடலாம். வெயிலுக்கு அஞ்சினால் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, இருபது நொடிக்கு ஒருமுறை ஜோடியில் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, தோற்றால் பிள்ளைகள் மனம் உடைவார்கள் என்கிறார்கள். முதல் ஆண்டில் சில லே-அப்கள் கூடுதலாக விழத்தான் செய்யும், மறுப்பதற்கில்லை. அந்தச் சுமையை ஒரு பள்ளி மட்டும் ஏற்க வேண்டியிருப்பதால்தான் யாரும் முன்வருவதில்லை. உள்ளூர்ப் போட்டிகளை நடத்துபவர்கள் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஜோனைத் தடைசெய்தால் எல்லா அணிகளும் ஒரே நிலையில் நிற்கும். யாரையும் மறிக்காமல் ரிங்குக்குக் கீழேயே நிற்பவனை நடுவர் கண்டுபிடிப்பது கடினமல்ல. வயது வந்தோர் ஆடும் என்பிஏ-விலேயே 2001 வரை ஜோனுக்குத் தடை இருந்தது; தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு ஜோனை 14 வயது வரை தள்ளிப்போடுவதால் ஆட்டத்துக்கு எந்த நட்டமும் இல்லை.