மூன்றாம் சுற்றின் மௌனம்

சாலையில் ஓடும் காரின் தோற்றமுடைய வண்டிகள், நீள்வட்டத் தடத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டும் வேகத்தில் சுற்றிச் சுற்றி விரைவதே ‘ஸ்டாக் கார்’ பந்தயம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதற்குப் பெருங்கூட்டம் திரளும். நாஸ்கார் என்னும் அமைப்பு நடத்தும் இப்பந்தயங்களில் ஏழுமுறை வாகை சூடியவர் டேல் எர்ன்ஹார்ட். 2001 பிப்ரவரி 18 அன்று, ஃப்ளோரிடா மாநிலத்தின் டேடோனா தடத்தில், கடைசிச் சுற்றில், 3 என்னும் எண் பொறித்த அவரது கறுப்புக் கார் சுவரில் மோதியது. அவர் உயிரிழந்தார்.

அவ்வாண்டு நடந்த பந்தயங்களில் மூன்றாம் சுற்று வந்ததும் மக்கள் எழுந்து நின்று மூன்று விரல்களை உயர்த்தினர். தொலைக்காட்சி வருணனையாளர்கள் அச்சுற்று முடியும்வரை வாய் திறக்கவில்லை. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பேசாதிருந்தது எளிய செயலன்று. அவரது அணி 3ஆம் எண்ணை ஒதுக்கி வைத்தது; அணி உரிமையாளரின் பேரன் முதன்மைத் தொடரில் அதை மீண்டும் ஏந்தியது 2014இல்தான். இவ்வாறு நினைவுகூர எவருக்கும் உரிமை உண்டு. குடும்பத்தின் இசைவைக் கேட்க வேண்டியதில்லை.

உடற்கூறாய்வுப் படங்களின் நிலை அத்தகையதன்று. ஃப்ளோரிடாவில் அவை அன்று பொது ஆவணங்கள். கேட்டவர் எவரும் காணலாம். ஒரு நாளிதழ் அவற்றைக் காண விரும்பியது. அதன் நோக்கம் வெறும் பரபரப்பு என்று ஒதுக்கிவிட இயலாது. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள்ளாகவே ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என மூன்று ஓட்டுநர்கள் மாண்டிருந்தனர். தலையைத் தாங்கிப் பிடிக்கும் கருவி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்பது நியாயமான கேள்வியே. படங்களை அச்சிடமாட்டோம், மருத்துவ வல்லுநருக்குக் காட்டவே கேட்கிறோம் என்றது அந்நாளிதழ்.

ஆயினும் எர்ன்ஹார்ட்டின் மனைவி நீதிமன்றத்தை நாடினார். ஒருவருக்குத் திறக்கும் கதவு அனைவருக்கும் திறக்கும் என்பது அவரது அச்சம். அது வீண் அச்சமன்று. 1994இல் அதே டேடோனாவில் இறந்த இரு ஓட்டுநர்களின் படங்கள் ஏற்கெனவே இணையத்தில் ஏறியிருந்தன. தந்தையின் பெயரை இணையத்தில் தேடும் பிள்ளையின் கண்ணில் அத்தகைய படம் படுமாயின், அதை யாரால் திரும்பப் பெற இயலும்? நம் ஊர்ச் சாலைகளில் விபத்தைக் கண்டதும் கைப்பேசியை உயர்த்துவோர் ஒருகணம் எண்ண வேண்டிய கேள்வி இது.

இறுதியில் ஓர் உடன்பாடு பிறந்தது. சார்பற்ற வல்லுநர் ஒருவர் மட்டும் படங்களைக் கண்டு அறிக்கை தருவார். பின்னர் அவை முத்திரையிடப்படும். அறிக்கை வெளிவந்தது, படங்கள் வெளிவரவில்லை. 2001 மார்ச் 29 அன்று ஃப்ளோரிடாவில் புதிய சட்டமும் கையெழுத்தானது. அதன்படி இத்தகைய படங்களைக் காணும் உரிமை வாழ்க்கைத் துணைக்கும், துணை இல்லையெனில் பெற்றோருக்கும், அவர்களும் இல்லையெனில் பிள்ளைகளுக்கும் உரியது. பிறர் தக்க காரணம் காட்டி நீதிபதியின் ஆணையைப் பெற வேண்டும்.

ஆவணங்களை மூடினால் தவறுகளும் மூடப்படும் என்று செய்தியாளர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தைப் புறந்தள்ளலாகாது. ஆனால் இச்சட்டம் திறவுகோலை அரசிடம் கொடுக்கவில்லை, குடும்பத்திடம் கொடுத்தது. நீதிபதியின் வாயிலையும் அடைக்கவில்லை. பந்தயத்தின் பாதுகாப்பும் குன்றவில்லை. 2001 அக்டோபரில் தலைக்காப்புக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. 2002 முதல் தடங்களில் மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் எழுந்தன. அதன்பின் அதன் முதன்மைத் தொடர்ப் பந்தயங்களில் ஓட்டுநர் எவரும் உயிரிழக்கவில்லை. இவற்றுக்குத் தேவைப்பட்டது வல்லுநரின் அறிவு, ஊராரின் பார்வையன்று.

உலகிற்கு எதைக் காட்டுவது என்பதைக் குடும்பமே தேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஆடம் பெட்டியின் வீட்டாரைப் பார்க்கலாம். இறந்தபோது அவருக்கு வயது 19. நோயுற்ற குழந்தைகளுக்கென ஒரு முகாம் அமைக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். 2004இல் அவருடைய குடும்பத்தார் வட கரோலினாவில் அதைத் திறந்தனர். கடும் நோயுள்ள சிறுவர்கள் அங்கு வந்து தங்கி விளையாடுகின்றனர். அங்குள்ள பந்தயக் கார்ப் பட்டறை ஒன்று ஆடமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.