குயிலின் குரல் யாருடையது?

பாரதிராஜா பிறந்த ஊர் என்று அல்லிநகரத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் கேமராவைக் கிராமத்துக்குள் இறக்கியவர். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கேமரா யார் கையில் இருந்தது?

1985இல் வந்த ‘முதல் மரியாதை’யைப் பாருங்கள். குயிலின் முகம் ராதாவுடையது, குரல் ராதிகாவுடையது. கதை வசனம் செல்வராஜ், பாடல் வைரமுத்து, ஒளிப்பதிவு கண்ணன், இயக்கம் பாரதிராஜா. ஒருத்தியின் காதலைக் காட்ட இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். அவள் என்ன பேசவேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் ஆண்கள். கலை என்று கொண்டாடினோம்.

இன்று எங்கள் தெருப் பெண்ணின் செல்போனில் முகமும் குரலும் கதையும் அவளுடையவை. தன் காதலைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் போடட்டும்: அண்ணன் போனைப் பிடுங்குவான், அப்பா மானம் போச்சு என்பார். குயிலுக்காகக் கண்ணீர் விட்ட அதே வீடுகள்தான்.

ஆண் எடுத்தால் காவியம், பெண் எடுத்தால் அசிங்கமா? செல்போன் பெண்களைக் கெடுத்துவிட்டது என்று இனியும் சொல்லாதீர்கள். உங்களைப் பயமுறுத்துவது செல்போன் அல்ல. குயில் தன் குரலிலேயே பேசுகிறாள், அதுதான்.