எவரும் வாசியாத வரிகள்

மென்பொருளொன்றின் மூலநிரலைப் பாராட்டுவோர் பலர். அம்மூலத்தைக் கணினியில் நிறுவத்தக்க பொதியாக ஆக்கும் சிறு நிரலைப் பாராட்டுவோர் இலர். தொழிலிலுள்ளோர் அதனைப் ‘பில்ட் ஸ்கிரிப்ற்’ என்பர். மூலத்தை எங்கிருந்து எடுப்பது, அதன்மேல் எத்திருத்தத்தை ஒட்டுவது, விளைந்த கோப்புகளை எங்கே வைப்பது என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். 1993 இல் தோன்றிய டெபியன் போன்ற முறைமைகளில் இத்தகைய நிரல்கள் பல்லாயிரம் உள. மூலம் புதுப்பிக்கப்படுந்தோறும் இவற்றையும் திருத்துவோரிற் பலர் ஊதியம் பெறாத தொண்டர்.

இது வெறும் எழுதுவினைஞர் வேலை என்று இகழ்வோர்க்கு 2024 ஆம் ஆண்டு விடையளித்தது.

எக்ஸ்ஸெட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. அதனைப் பல்லாண்டுகள் பேணிவந்தவர் லாசே கொலின். வேலை தாமதிக்கின்றதென்று 2022 இல் சிலர் அவரை நெருக்கினர். இஃது ஊதியமற்ற பொழுதுபோக்கு முயற்சி என்பதை அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. அக்காலத்தில் உதவிக்கு வந்து, பொறுமையாக உழைத்து, பதிப்புகளை வெளியிடும் உரிமையையும் பெற்றுக்கொண்டவர் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் எழுதிய ஒருவர். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அவர் நஞ்சு வைத்தார்.

வைத்த இடந்தான் நோக்கத்தக்கது. சோதனைக் கோப்புகள் என்ற வேடத்தில் நஞ்சு பொதுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதனை எழுப்பும் வரிகளோ அங்கில்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய மூலக்கட்டில் மாத்திரம், கட்டுமானத்துக்குரிய எம்4 கோப்பொன்றில், அவை இருந்தன. டெபியன் வகைப் பொதிக்கோ ஆர்பிஎம் பொதிக்கோதான் தொகுப்பு நடைபெறுகின்றதா என்று பார்த்த பின்னரே நஞ்சு செயற்பட்டது. பொதிசெய்வோரின் மேசையே வாயில் என்பதைப் பகைவர் நம்மினும் நன்கு அறிந்திருந்தார்!

மைக்ரோசொப்ற் நிறுவனப் பொறியியலாளர் அந்திரேஸ் பிரொயிண்ட், தம் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் வழியே உள்நுழைதல் அரைச் செக்கன் அளவு தாமதிப்பதைக் கண்டார். காரணம் தேடிச் சென்று, மார்ச் 29 இல் உலகுக்கு அறிவித்தார். அரைச் செக்கன்! நம்மிற் பலர் அதனைக் கொட்டாவியிற் கழித்திருப்போம்.

தொண்டரை நம்பலாகாது என்பதே இதன் பாடமெனச் சிலர் கூறுகின்றனர். எமக்கு அஃது உடன்பாடன்று. தொண்டரைத் தனியே விட்டதுதான் பிழை. ஆயினும் பொதிசெய்வோர் முற்றும் குற்றமற்றவர் என்றும் கூறோம். ஓபின்எஸ்எஸ்எச்சின் மூலத்துக்கும் எக்ஸ்ஸெட்டுக்கும் நேர்த்தொடர்பில்லை. சிஸ்டம்டிக்கு அறிவித்தல் அனுப்பும் வசதிக்காக டெபியன் முதலியவை ஒட்டிய திருத்தமே இரண்டையும் பிணைத்தது.

ஒரே மூலம் எங்குத் தொகுப்பினும் ஒரே பொதியைத் தரவேண்டும் என்னும் முயற்சி 2013 முதல் டெபியனில் நடைபெற்று வருகின்றது. நன்முயற்சியே. ஆனால் மூலக்கட்டே நஞ்சூட்டப்பட்டிருப்பின், எல்லாரும் ஒரே நஞ்சையே பிழையின்றி ஆக்குவர். ஆதலின் வெளியீட்டுக் கட்டை ஒதுக்கி, பலர் கண்ணுக்கும் புலப்படும் களஞ்சியத்திலிருந்தே பொதிசெய்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டுமான நிரலையும் எழுதியவரன்றி இன்னொருவரும் வரிவரியாக வாசித்தல் வேண்டும். அவ்வாசிப்புக்கு, இப்பொதிகளாற் பொருளீட்டும் பெருநிறுவனங்கள் கூலி கொடுக்கட்டும். இலவசமாகக் கிடைப்பதை இலவசமாகவே காவலுஞ் செய்து தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

எக்ஸ்ஸெட்டின் பொறுப்பு மீண்டும் கொலினிடமே வந்து சேர்ந்தது. நஞ்சு நீக்கிய 5.6.2 ஆம் பதிப்பை அவர் 2024 மே மாதத்தில் வெளியிட்டார்.