கால்வாய்க்கரை மாளிகையும் கலாதியா ஆறும்

கோபன்ஹேகனில் பிரடெரிக்ஸ்ஹோம் கால்வாயை ஒட்டி ஒரு மாளிகை இருக்கிறது. பரோக் பாணி ரொகோகோவாக இளகிவந்த 1740களில், பட்டத்து இளவரசர் பிரடெரிக்குக்காக நிகோலாய் ஐக்ட்வெட் வடிவமைத்தது. இன்று அது டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம். அந்த இளவரசர்தான் பிறகு மன்னர் ஐந்தாம் பிரடெரிக். நிக்கோபார் தீவுகளுக்கு டேனிஷ்காரர்கள் 'பிரடெரிக் தீவுகள்' என்று சூட்டியது அவர் பெயரைத்தான். பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து ஒருவர் அங்கே போனால், அது அவருக்கு அந்நியர் வீடல்ல.

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில்தானே இருந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே 1620இல் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியது உண்மை. ஆனால் அதே தரங்கம்பாடியிலிருந்துதான் 1755இல் ஒரு குழு கப்பலேறிப் பெரிய நிக்கோபாரில் குடியேறியது. மலேரியா அவர்களை விடவில்லை. கைவிடுவதும் மறுபடி வருவதுமாகவே அடுத்த பல பத்தாண்டுகள் கழிந்தன. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்டீன் பில்லே தலைமையில் உலகைச் சுற்றக் கிளம்பிய 'கலாதியா' என்ற கப்பல், 1846இல் நிக்கோபாரை அடைந்தது. துறைமுகத் திட்டத்தால் இப்போது செய்திகளில் அடிபடும் பெரிய நிக்கோபாரின் கலாதியா விரிகுடாவும், அதில் கலக்கும் ஆறும் இந்தக் கப்பலின் பெயரையே தாங்குகின்றன. 1868இல் தீவுகளையும் டென்மார்க் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தது.

கலாதியா பயணத்தில் திரட்டிய பொருள்கள் டேனிஷ் அரச சேகரிப்பில் சேர்ந்தன. அந்தச் சேகரிப்பின் வாரிசுதான் கால்வாய்க்கரை அருங்காட்சியகம். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் தம்மிடம் உள்ளதில் சிறு பகுதியைத்தான் காட்சிக்கு வைக்கும். மற்றவை கிடங்கில் இருக்கும். கூடங்களைச் சுற்றிவந்து, நிக்கோபாருக்கு இங்கே இவ்வளவுதான் என்று முடிவுகட்டக் கூடாது. முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பெரிய நிக்கோபாரின் மேற்குக் கரைக் கிராமங்களை அழித்தது. பிழைத்த நிக்கோபாரிகள் கேம்பல் பேயை ஒட்டிய ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடியமர்த்தப்பட்டார்கள். வீடும் படகும் முன்னோர் வழிவந்த பொருள்களும் கடலோடு போய்விட்டன. அந்த வாழ்வின் பழைய சான்றுகளில் ஒரு பகுதி வெகுதொலைவில், பத்திரமாக, ஒரு மாளிகையில் இருக்கிறது. மாளிகையின் மேற்கூரை வேலைப்பாட்டைவிட அதுதான் எனக்குப் பெரிது.

பொருள்களைத் திருப்பித் தருவது நெடிய பேச்சு. படங்களையும் பட்டியலையும் ராஜீவ் நகருக்கு அனுப்ப அவ்வளவு காலம் வேண்டாம். எந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.