பஞ்சைத் தடிப்பாகப் போட்டால் குளிர் போய்விடுமா?

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய ஒன்றரை மாடி வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. 1941-இல் கனடிய அரசு தொடங்கிய வார்டைம் ஹவுசிங் நிறுவனம் பரப்பிவிட்ட வடிவம் அது. கூரைச் சரிவுக்குள்ளேயே படுக்கையறைகள். ஜனவரியில் அங்கே படுக்கும் பிள்ளைகள் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள், ஜூலையில் வெந்து போவார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: “இன்சுலேஷனை இன்னும் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ, சரிவரும்.” சரிவராது. காற்று புகும் வழியை அடைக்காமல் போடும் பஞ்சுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்தான்.

தடிப்பாகப் போட அங்கே இடமே இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்கிற கூரைச் சட்டத்தின் உண்மையான ஆழம் ஐந்தரை அங்குலம். கூரைப் பலகைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு இரண்டரை அங்குலம் விட்டால் மீதி மூன்று. சூடு கடப்பதைத் தடுக்கும் திறனை ஆர் எண்ணால் அளப்பார்கள். கண்ணாடி நார்ப் பஞ்சு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.3 தரும், ஆக, சரிவில் கிடைப்பது ஆர்-10 அளவுதான். இன்னும் திணித்தால் பஞ்சு நசுங்கி, போட்ட தடிப்புக்குரிய பலனைத் தராது, காற்றோட்டமும் அடைபடும். உள்பக்கமாகப் பாலிஐசோ என்ற நுரைப் பலகை அடிப்பது நல்ல வழி. அங்குலத்துக்கு ஆர்-6 வரை கிடைக்கும், தலை இடிக்கும் அறையில் அதிக இடத்தையும் பிடிக்காது.

ஆனால் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அறையின் ஓரத்துக் குட்டைச் சுவரில் சாமான் வைக்கும் சிறு கதவு இருக்குமே, அதைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். அறையின் தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் அந்தச் சுவருக்கு அடியால் நீண்டு கிடக்கும். அவற்றுக்கு இடையிலான வெளி அப்படியே திறந்திருக்கும். கூரை விளிம்பால் வரும் குளிர்காற்று அதற்குள் புகுந்து கட்டிலுக்கு நேர் கீழே ஓடுகிறது. பழைய பஞ்சைத் தூக்கினால் சில இடங்களில் கரிய திட்டுகள் தெரியும். பலர் அதைப் பூஞ்சை என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது பஞ்சை ஊடறுத்துப் போன காற்று விட்டுச்சென்ற தூசி. காற்றை நிறுத்தப் பஞ்சால் முடியாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? சுவருக்கு நேர் கீழே, ஒவ்வொரு இடைவெளிக்கும் அளவாக வெட்டிய நுரைப் பலகையைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஸ்ப்ரே ஃபோம் அடிக்க வேண்டும். குட்டைக் கதவுக்கும் ரப்பர் பட்டி ஒட்டுங்கள். குளிர்ந்த, காற்று வீசும் நாளில் அதன் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்தால், புகை வளையும் இடமெல்லாம் ஓட்டை.

“சூடு மேலேதானே ஏறும், மாடி தானாகச் சூடாகும்” என்பதும் பாதி உண்மைதான். சூடான காற்று மேலே ஏறி ஓட்டைகளால் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தால் குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. வெளியேறும் சூடு கூரைப் பனியை உருக்க, அந்த நீர் விளிம்பில் மறுபடி உறைந்து கூரைக்குள் கசிகிறது.

அடுத்து, “பழைய வீடு மூச்சுவிட வேணும், அடைச்சால் பூஞ்சை பிடிக்கும்” என்ற பயம். கூரைப் பலகையை நனைக்கும் ஈரத்தில் பெரும்பகுதி ஓட்டைகளால் ஏறும் காற்றோடுதான் போகிறது. ஆகவே அடைப்பதே கூரைக்குப் பாதுகாப்பு. சோறு வடிக்கும் ஆவிக்கும் குளியலறை ஆவிக்கும் ஃபேன் வேண்டும். அதன் குழாய் கூரைக்குள் முடியாமல் வெளியே போக வேண்டும்.

பெரிய ஃபர்னஸ் வாங்குவது ஓட்டைக்குக் காசு கட்டுவது. அதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

வேலை தொடங்குமுன் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். பஞ்சுக்குப் பதிலாகக் காக்காப்பொன் போல மினுங்கும் சிறு மணிகள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைக் கிளறாமல், கதவைச் சாத்திவிட்டு, அஸ்பெஸ்டாஸ் பரிசோதனை செய்பவர்களை அழையுங்கள்.