வளவுக்குள் வந்த ஆமைக்கு என்ன புல்?



சென்ற மாதம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அக்கா, என்ர மூத்தவன் காட்டுக்கரையில இருந்து ஒரு ஆமை கொண்டு வந்திட்டான். கடகத்தால மூடி வச்சிருக்கிறான். கோவா குடுத்தம், ரெண்டு நாள் திண்டுது. இப்ப திரும்பியும் பாக்குதில்லை. அது மேயிறதுக்கு என்ன புல்லு வைக்கலாம்?" வீட்டில் மாமியார் வேறு, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மாமியாரை விடுவோம். ஆமையைப் பார்ப்போம்.

கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. கடலாமைகளை நீக்கிவிட்டால் இலங்கைக்கே உரிய ஆமைகள் மூன்று இனந்தான். குளங்களில் உள்ள பாலாமையும் கறுப்பு ஆமையும் தண்ணீரை நம்பியவை. முழுக்கத் தரையில் வாழ்வது இது ஒன்றே. எங்களுடைய வரண்ட வலயமும் இந்தியாவினதும் பாகிஸ்தானினதும் சில பகுதிகளுமே இதன் ஊர். மேசையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிற அந்தக் கோடுகள், காய்ந்த புல்லுக்குள் கிடக்கும்போது கண்ணுக்கே படாது.

அந்தத் தாய்க்கு நான் முதலில் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இதை வீட்டில் அடைத்து வளர்க்க முடியாது. விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நட்சத்திர ஆமை அதன்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். செல்லப்பிராணி என்ற பெயரில் இது படுகிற பாடு கொஞ்சமல்ல. இந்தியாவில் ஒரேயொரு பகுதியிலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகள் 2018 இல் விமானத்தில் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2019 இல், காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளை நாடுவிட்டு நாடு விற்பதை உலக நாடுகள் முற்றாகத் தடுத்தன.

சட்டத்தை மட்டும் சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் ஆமை வைத்திருந்தவள். பத்து வயதிருக்கும். ஓட்டின் ஓரத்தில் துளை போட்டு, கயிறு கட்டி, பூவரசில் முடிந்து வைத்திருந்தோம். ஓடு நகத்தைப் போன்றது, நோகாது என்றுதான் பெரியவர்களும் நினைத்தார்கள். அது உயிருள்ள எலும்பு. முள்ளந்தண்டும் விலா எலும்புகளும் அதோடு ஒட்டியிருக்கின்றன என்பதைப் பிறகுதான் படித்தேன். சோறும் பயற்றங்காயும் போட்டேன். ஒருநாள் வயல் வரம்பிலிருந்து ஒரு பிடி பச்சைப்புல் அறுத்து வந்து போட்டேன். ஆசையாகத் தின்றது. முதல்நாள் அந்த வரம்புக்கு மருந்து அடித்திருந்தார்கள் என்பது பின்னேரந்தான் தெரியவந்தது. மூன்றாம் நாள் அது தலையை வெளியே நீட்டவில்லை. எதனால் செத்தது என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் புல்லின் நினைப்புத்தான் வரும்.

ஆகவே, ஆமையைக் கட்டாதீர்கள், புல்லை வையுங்கள். ஆமை நடமாடும் இடத்தில் உங்கள் வளவு இருந்தால் மாரிக்கு அது தானாக வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

வளவின் பின்மூலையில் இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம் போதும். அறுகுதான் முதல் தெரிவு. விதை தேடி அலைய வேண்டாம். குளக்கட்டிலோ ஒழுங்கையிலோ மருந்து படாத இடத்தில் ஓடிக்கிடக்கும் கொடியை, இரண்டு மூன்று கணு இருக்கும்படி துண்டுகளாக வெட்டி, ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். உரம் வேண்டாம், பழைய எரு ஒரு கூடை காணும். வேர் பிடித்துப் படர ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை ஆட்டை விடாதீர்கள். ஓரத்தில் ஒரு செவ்வரத்தை நில்லட்டும், உதிர்கிற பூவையும் தின்னும். நாகதாளி இருந்தால் வெட்டி எறியாதீர்கள். மாட்டுக்கு நடுகிற கோ-3 புல் இதற்குச் சரிவராது. ஆமையின் உயரத்துக்கு அது பனங்கூடல்.

அந்த மூலையில் இருக்கக்கூடாதவை என்று சிலவும் உண்டு. அலரி, ஊமத்தை, ஆமணக்கு, நாயுண்ணி. மரவள்ளி இலையும், வரட்சியில் வாடித் திரும்பத் துளிர்க்கிற இளம் இறுங்கும் ஆடு மாட்டையே சாய்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலிக்கு நடுகிற கிளிசறியாவின் பெயருக்கே இலத்தீனில் எலிகொல்லி என்றுதான் பொருள். 1999 இல் வவுனியாவில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் தலைகாட்டினால், பூக்க முதல், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். களைநாசினி மட்டும் வேண்டவே வேண்டாம். 2015 இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற் 2022 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அது அடித்த புல் உடனே கருகாது, சில நாட்கள் பச்சையாகவே நிற்கும். பார்த்து அறிய முடியாது. பக்கத்து வளவுக்காரர் அடிப்பவரானால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அடிக்கும்படி நல்லமுறையில் சொல்லிவையுங்கள்.

குப்பை கொளுத்தும்போது சருகுக் கும்பியை முதலில் தடியால் கிளறிப் பாருங்கள். கட்டில்லாத கிணறு இருந்தால் சுற்றிவர இரண்டு வரிசை கல்லாவது அடுக்குங்கள். அது பிள்ளைகளுக்கும் நல்லதுதானே. தண்ணீருக்கு ஓட்டைச் சட்டியின் அடிப்பாகத்தை நில மட்டத்துக்குப் புதைத்தால் சரி. ஆமையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். பயத்தில் சிறுநீரைக் கழித்துவிடும், கோடையில் அது சேமித்து வைத்த தண்ணீரும் அதுதான். தொட்ட பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் உடலில் சல்மனெல்லா கிருமி இருக்கலாம்.

இன்னொன்றும் அந்தத் தாயிடம் கேட்டேன்: மகன் இதை எந்தக் காட்டுக்கரையில் எடுத்தான்? அவருக்குத் தெரியவில்லை. கண்ணிவெடி அகற்றும் எங்கள் பெண்கள் ஒரு துண்டு நிலத்தில் முதலில் செய்வது, புல்லை மெல்ல மெல்ல வெட்டி அகற்றுவதுதான். ஆள் மிதிக்காத இடத்தில்தான் புல் நன்றாக வளரும். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் துப்புரவு முடியாத துண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆமைக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளை சிவப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஓடாது.

அவர் அன்றிரவே மகனிடம் விசாரித்திருக்கிறார். நல்லவேளை, மாமாவின் தோட்டத்து வேலியடியாம். அடுத்தநாள் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டார்கள். மகன் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்மூலைக்குப் போயிருக்கிறான். அறுகுக்கொடி எங்கே வெட்டலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஐப்பசி வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில் முருங்கையில் ஏறும் மயிர்க்கொட்டி பற்றிப் பார்ப்போம்.