வலியும் வலிமையும்

மனிதனின் உடலாற்றலைச் சோதிக்கும் போட்டிகள் பல. அவற்றுள் நெடுந்தூர மும்மைப் போட்டிக்குத் தனியிடம் உண்டு. கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்திக் கரையேறி, துவிச்சக்கர வண்டியில் 180 கிலோமீற்றர் சென்று, வண்டியை விட்டிறங்கியதும் 42.195 கிலோமீற்றர் கொண்ட மரதன் ஓட்டத்தையும் ஓடி முடித்தல் வேண்டும். மூன்றும் ஒரே நாளில் இடையீடின்றி நிகழ்வன. 'ட்ரையத்லன்' எனப்படும் இப்போட்டியின் நெடுந்தூர வடிவத்தை 'அயன்மான்', அதாவது இரும்பு மனிதன், என்று அழைப்பர். இதில் ஆர்வத்தினால் பங்குபற்றுவோர் ஆயிரக்கணக்கினர். இதனையே தொழிலாகக் கொண்டு, பரிசுப் பணத்தாலும் நிறுவனங்களின் ஆதரவாலும் வாழ்வு நடத்துவோர் மிகச் சிலர்.

அந்தச் சிலரின் அனுபவம் நமக்கு உணர்த்துவது யாது? தளர்ந்து விழுந்த பின்னும் தவழ்ந்து சென்று எல்லைக் கோட்டைத் தொடுவதே வீரம் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து உண்மையின் ஒரு பாதியேயாம் என்பது எமது துணிபு. மற்றைப் பாதியை எடுத்துக் கூறுவார் அரிதாதலின், அதனை ஈண்டு ஆராய்வோம்.

இப்போட்டி தோன்றிய வரலாறு சுவையானது. நீச்சல்காரர், ஓட்டக்காரர், துவிச்சக்கர வண்டி வீரர் ஆகியோருள் உடலாற்றல் மிக்கவர் யார் என்ற வாதம் ஹவாய்த் தீவுகளில் எழுந்தது. அமெரிக்கக் கடற்படை உத்தியோகத்தரான ஜோன் கொலின்ஸ் என்பவர், ஒவாகு தீவில் தனித்தனியே நடைபெற்று வந்த மூன்று போட்டிகளை ஒன்றாக இணைத்தால் வாதம் தீர்ந்துவிடும் என்றார். 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி 15 பேர் களமிறங்கினர். 12 பேர் முடித்தனர். முதல்வராக வந்த கோர்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 செக்கன். நண்பர்களிடையே எழுந்த அந்த வாதமே இன்று உலகெங்கும் பரவி நிற்கின்றது. 2018இல் கொழும்பிலும் இதன் பாதித்தூரப் போட்டி ஒன்று நடைபெற்றது. வேகமும் வியக்கத்தக்கவாறு பெருகியுள்ளது. 2024இல் ஹவாயில் வென்ற ஜேர்மனியரான பற்றிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 செக்கனில் அதே தூரத்தைக் கடந்துவிட்டார்.

1981இல் இப்போட்டி ஹவாயின் பெருந்தீவிலுள்ள கோனா நகருக்கு மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்து கரும்பாறையாய்ப் பரந்து கிடக்கும் நிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது அங்குள்ள பெருந்தெரு. நிழல் தரும் மரத்தைக் காண்பது அரிது. மேலே வெயில், கீழே அவ்வெயிலைக் குடித்துத் திருப்பி உமிழும் கல், பக்கவாட்டில் வண்டியையே சாய்த்துவிட முனையும் காற்று. இந்நிலையில் தொழில்முறை வீரர் ஒருவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி கணக்குப் பார்ப்பதே என்றால் வாசகர் வியப்படையக்கூடும்.

உண்மை அதுவே. நம் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள காபோவைதரேற்று ஏறத்தாழ 2,000 கிலோகலோரி சக்தியையே தரவல்லது. இப்போட்டிக்கு வேண்டிய சக்தியோ அதனைப்போல் நான்கு மடங்கு அளவினது. எஞ்சியதை உடற் கொழுப்பும், வழியில் உண்பதும் பருகுவதுமே ஈடுசெய்தல் வேண்டும். அவ்வாறு உண்பதற்கும் எல்லையுண்டு. மணிக்கு 60 முதல் 90 கிராம் வரையிலான காபோவைதரேற்றையே குடல் பொதுவாக ஏற்கும். வெப்பம் மிகும்போது இரத்தம் தோலை நோக்கி ஓடுவதால் குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, உண்டதும் செரியாது நின்றுவிடுகின்றது. நீர் குறைந்தால் உடற்சூடு ஏறும். உப்பின்றி நீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பருகினால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. ஆகவே வேகம், உணவு, நீர், உப்பு ஆகிய நான்கையும் எட்டு மணி நேரமாகத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே ஓடுபவர்தாம் நெடுந்தூர வீரர்.

இந்தத் தராசு பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது முறியும் கணமே புலப்படுகின்றது. 1982 பெப்ரவரியில் ஜூலி மொஸ் என்னும் கல்லூரி மாணவி, பெண்களில் முதலாவதாக ஓடி வந்தவர், எல்லையை அணுகியபோது மீண்டும் மீண்டும் விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். 29 செக்கன் கழித்து, கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து வந்து மொஸ் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சி அக்காட்சியை உலகுக்குக் காட்டியது. இப்போட்டி புகழ் பெற்றதற்கு அக்காட்சியே பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. அதனைக் கண்டு உள்ளக் கிளர்ச்சியுற்று விளையாட்டில் இறங்கியோர் பலர். அதன் சிறப்பை நாம் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று முதல், விழுந்து தவழும் காட்சியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கண்களும் பெருகிவிட்டன என்பதையும் மறுத்தற்கில்லை.

ஒப்புநோக்குதற்குரிய மற்றொரு நிகழ்ச்சி 1995இல் நடந்தது. பவுலா நியூபி-பிரேசர் அதற்கு முன் ஏழு முறை அங்கு வாகை சூடியவர். 1992இல் ஒன்பது மணி நேரத்துக்குள் அப்போட்டியை முடித்து, கோனாவில் அச்சாதனை புரிந்த முதற் பெண்மணி என்ற புகழுக்கு உரியவர். அனுபவத்தில் அவருக்கு நிகர் அன்று எவருமிலர். மரதன் ஓட்டம் தொடங்கியபோது அவருக்கும் கரன் ஸ்மையர்ஸ் என்பவருக்குமிடையே பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. அது சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. பின்னால் வருபவர் நெருங்குவதை உணர்ந்த பவுலா, இறுதிப் பகுதியில் நீரும் உணவும் வழங்கும் நிலையங்களில் தாமதியாது விரைந்தார். அதுவே பிழையாயிற்று. முடிவுக்குச் சில நூறு யார் இருக்கையில் கால்கள் தள்ளாடின. ஸ்மையர்ஸ் அவரைக் கடந்தார். பவுலா தெருவிலே சாய்ந்துவிட்டார்.

அதன்பின் நடந்ததே நம் சிந்தனைக்கு உரியது. அவர் தவழ முற்படவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் தெருவிலேயே கிடந்தார். சூழ நின்றோர் நீர் தந்தனர். உடலைக் குளிரச் செய்தனர். மேலும் இருவர் அவரைக் கடந்து சென்றனர். உடல் இடங்கொடுத்த பின்னரே எழுந்து, நடந்து சென்று நான்காம் இடத்தில் முடித்தார். ஏழு முறை வென்ற ஒருவர் பல்லாயிரம் கண்களின் முன்னே தெருவில் கிடப்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அவர் அடுத்த ஆண்டு மீண்டும் வந்து எட்டாவது முறையாக வென்றார் என்பது வரலாறு.

'முயற்சியுடையார் இகழ்ச்சியடையார் என்று கற்பிக்கும் நாம், இளைத்து இருப்பதைப் புகழலாமா?' என்று ஆசிரியர் ஒருவர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் முயற்சி என்பது ஒரு நாளில் முடிவதன்று. மார்க் அலன் என்பார் ஆறு முறை கோனாவுக்கு வந்தும் வெல்லாது திரும்பியவர். 1987இல் முன்னணியில் ஓடியவர், உள்ளே குருதி கசிந்து, இரண்டாமவராக முடித்து மருத்துவமனை சென்றார். 1989இல், அதுவரை ஆறு முறை வென்றிருந்த டேவ் ஸ்கொட் என்பவருடன் தோளோடு தோள் உரச மணிக்கணக்காக ஓடி, இறுதி ஏற்றத்தில் பிரிந்து, 58 செக்கன் முந்தி வென்றார். அலனின் முயற்சி என்று நாம் கூறுவது அந்த ஒரு நாளை மட்டுமோ? தோற்ற ஆண்டுகள் யாவும் அதனுள் அடங்கும் அன்றோ!

2025 ஒக்ரோபரில் கோனாவில் நடைபெற்ற பெண்களுக்கான உலகப் போட்டி இவ்வினாவை மீண்டும் நம் முன் வைத்தது. முன்னணியில் நின்ற இருவரும் வெப்பத்தால் தாக்குண்டனர். லூசி சார்ள்ஸ்-பார்க்ளே ஓட்டத்தின் நடுவிலே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ரெய்லர் நிப் முடிவுக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் நிலைகுலைந்து தெருவில் அமர்ந்தார். நோர்வே நாட்டவரான சொல்வெய்க் லோவ்செத் வென்றார். சார்ள்ஸ்-பார்க்ளே நான்கு முறை இரண்டாம் இடத்தோடு திரும்பி, 2023இல் அதே களத்தில் வாகை சூடியவர். அத்தகைய ஒருவரைக் கோழை என்று கூற எந்த நாவுக்குத் துணிவு வரும்? தொழில்முறை வீரருக்கு உடலே முதல். அதுவே நாளைய உழைப்பும் ஆகும். அதனை ஒரு நாளைய கைதட்டலுக்கு விலையாகக் கொடுக்க மறுத்தல் அவரது உரிமை மாத்திரமன்று, அவரது தொழிலறிவும் ஆகும்.

நம் மொழியில் 'வலி' என்ற சொல்லின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பழந்தமிழில் அதற்கு வலிமை என்பது பொருள். இன்றைய வழக்கில் நோவு என்பது பொருள். வள்ளுவர் வகுத்த 'வலியறிதல்' என்னும் அதிகாரம், வினையின் வலியையும் தன் வலியையும் எடைபோட்டுச் செயற்படும் அறிவைப் பற்றியது. நெடுந்தூர வீரருக்கு அச்சொல்லின் இரு பொருளும் வேண்டும். நோவை அறியாதவர் தம் வலிமையின் எல்லையையும் அறியார். பொறுக்கத்தக்க நோவு எது, எச்சரிக்கும் நோவு எது என்று பிரித்தறிவதே அவர்தம் கல்வி. அக்கல்வி கைவர ஆண்டுகள் பல செல்லும். பவுலா போன்ற பேரறிஞரும் அதில் ஒருமுறை தவறினார் எனின், இளையோரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

ஆசிரியர்களும் பெற்றோரும் கருத்திற் கொள்ள வேண்டியது இதுவே. மரதன் ஓட்டத்தில் மயங்கி விழுந்து எழுந்தோடும் மாணவனுக்குக் கைதட்டுகின்றோம். தலை சுற்றுகின்றது என்று கூறி ஓரமாக அமரும் மாணவனைப் பார்த்துச் சிரிக்கின்றோம். இச்சிரிப்புக்கு அஞ்சியே அடுத்த முறை அவன் வாய் திறவாது ஓடுவான். வெப்பத்தாக்கம் உயிரைக் கொள்ளும் நோய் என்பதை மருத்துவம் அறியும். மைதானத்தில் நிற்பவரும் அறிந்திருத்தல் வேண்டும். கோனாவில் காலையில் தொடங்கும் போட்டி நள்ளிரவு வரை நீள்கின்றது. பகலில் வென்ற வீரர்கள் பலர், இரவில் மீண்டும் எல்லைக் கோட்டுக்கு வந்து, இறுதியாக வருவோரை வரவேற்பது அங்கு வழக்கம். அந்நெடுவழியின் கடுமையை அறிந்தவர் கடைசியாக வருபவரையும் மதிப்பர். வர இயலாது நின்றுவிட்டவரையும் இகழார். அவர்தம் பண்பை நம் பள்ளிக்கூட மைதானங்களிலும் வளர்ப்போமாயின், இளைஞருக்கு நாம் அளிக்கும் பயிற்சி முழுமையுறும்.